பிறந்த நேரமும் பெற்ற கல்வியும்: வானியல் அறிஞர் கெப்ளரின் வாழ்க்கை

பெரியோர் ஒருவரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவோர் அவர் பிறந்த ஊரையும் நாளையும் முதலில் கூறுவது வழக்கம். சோதிடத்தில் ஆர்வம் உடையவர்களுக்கு அது போதாது. பிறந்த மணி என்ன, நிமிடம் என்ன, பகலா இரவா என்றெல்லாம் அவர்கள் கேட்பார்கள். அரசர்கள், படைத்தலைவர்கள், கலைஞர்கள் ஆகியோரின் பிறந்த நேரங்களையும், போர் மூண்ட நாள், முடிசூட்டு விழா நடந்த வேளை போன்றவற்றையும் திரட்டிக் குறிப்பேட்டில் எழுதி வைப்போர் எல்லா நாடுகளிலும் எல்லாக் காலங்களிலும் இருந்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் தேர்தல் வந்துவிட்டால் தலைவர்களின் ஜாதகக் கட்டங்கள் இதழ்களில் இடம்பெறுவதைக் காண்கிறோம்.

இவ்வாறு பிறந்த நேரங்களைத் திரட்டியவர்களுள் ஒருவர், நாம் இயற்பியல் வகுப்பில் மூன்று விதிகளுக்காகப் படிக்கும் யோகான் கெப்ளர் என்றால் நண்பர்கள் பலர் வியப்படையலாம். அவர் கணித்த ஜாதகங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் எஞ்சியுள்ளன. பாட நூலில் விதிகளை மட்டும் படித்திருந்த எனக்கு, அவரது வாழ்க்கையைப் படித்தபோது ஒரு கேள்வி பிறந்தது. பிறந்த வேளையை நிமிடக் கணக்கில் ஆராய்ந்த இந்த அறிஞர், ஒரு மனிதனை உருவாக்குவது எது என்று இறுதியில் கருதினார்? அக்கேள்விக்கு அவர் வாழ்க்கையே விடை கூறுகிறது. அதனையே இக்கட்டுரையில் கூற முற்படுகிறேன்.

பிறப்பும் இளமையும்

ஜெர்மனியின் தென்மேற்குப் பகுதியில் வைல் டெர் ஸ்டாட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1571ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பிற்பகல் 2 மணி 30 நிமிடத்திற்குக் கெப்ளர் பிறந்தார். இந்த நேரத்தை நமக்குத் தெரிவிப்பவர் அவரேதான். தம் குடும்பத்தார் அனைவரின் பிறந்த நேரங்களையும் பண்பு நலன்களையும் அவர் எழுதி வைத்திருந்தார். அத்துடன் நில்லாமல், தாம் கருவில் உருவான நேரத்தையும் கணக்கிட்டு, அது அதிகாலை 4 மணி 37 நிமிடம் என்று குறித்தார்! பெற்றோருக்குத் திருமணம் நடந்தது அவ்வாண்டு மே மாதம் 15ஆம் நாள். பிள்ளை பிறந்தது ஏழரை மாதத்தில். ஊரார் வாயில் எழக்கூடிய பேச்சுக்கு மகன் கணக்கின் மூலம் சொன்ன விடையாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

இங்கே சோதிட ஆர்வலர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பாவில் நாட்காட்டி திருத்தப்பட்டது 1582ஆம் ஆண்டில். அப்போது பத்து நாட்கள் நீக்கப்பட்டன. கெப்ளர் பிறந்தது அதற்கு முன்னர். ஆதலால் இன்று நாம் பயன்படுத்தும் கணக்கின்படி அவர் பிறந்த நாள் 1572 ஜனவரி 6 ஆகிறது. எந்த நாட்காட்டி என்று குறிப்பிடாத பழைய தேதி, ஊர்ப்பெயர் இல்லாத முகவரியைப் போன்றது.

கெப்ளரின் பாட்டனார் அவ்வூரின் நகரத் தலைவராக இருந்தவர். ஆனால் தந்தை ஹைன்ரிக் கூலிக்குப் போர் புரியும் சிப்பாய். வீட்டில் தங்காமல் அடிக்கடி போர்க்களம் சென்றவர், ஒருநாள் போனவர் போனவர்தான்; திரும்பி வரவேயில்லை. தாய் கத்தரீனா ஒரு விடுதிக்காரரின் மகள். மெலிந்த உடலும் துடுக்கான பேச்சும் உடையவர். மூலிகை மருந்துகள் அறிந்தவர். கெப்ளர் தம் குறிப்பேட்டில் பெற்றோரின் குறைகளை மறைக்கவில்லை. தம் குறைகளையும் மறைக்கவில்லை. தம்மை ஒரு நாய்க்குட்டியுடன் ஒப்பிட்டு எழுதிக்கொண்டவர் அவர்.

சிறு வயதில் அம்மை நோய் கண்டு அவருடைய பார்வை மங்கியது, கைகளும் பாதிக்கப்பட்டன. ஆயினும் அந்தக் கண்களுக்கு வானத்தைக் காட்டியவர்கள் பெற்றோரே. 1577ஆம் ஆண்டில் பெரிய வால்மீன் ஒன்று தோன்றியபோது, ஆறு வயது நிரம்பாத மகனை மேட்டிற்கு அழைத்துச் சென்று காட்டினார் தாய். 1580ஆம் ஆண்டில் சந்திர கிரகணத்தை வெளியே அழைத்துக் காட்டினார் தந்தை. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் கெப்ளர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

வறுமையால் அவரது பள்ளிப் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. வயல் வேலைக்குச் சென்றார். தந்தை நடத்திய விடுதியிலும் வேலை செய்தார். அவரை மீட்டது உதவித்தொகையே. வூர்ட்டம்பர்க் நாட்டு ஆட்சியாளர்கள் ஏழை வீட்டு மாணவருள் திறமையுடையோரைத் தேர்ந்தெடுத்து அரசுச் செலவில் படிக்க வைத்தனர். தேர்வில் வெற்றி பெற்ற கெப்ளர் மடாலயப் பள்ளிகளில் பயின்று, 1589ஆம் ஆண்டில் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மெஸ்ட்லின் என்னும் பேராசிரியர், பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்னும் கோப்பர்னிக்கசின் கொள்கையை அவருக்கு விளக்கினார். சமயப் போதகர் ஆகவேண்டும் என்பது கெப்ளரின் விருப்பம். காலம் அவரை வேறு திசையில் திருப்பியது.

பஞ்சாங்கம் கணித்த ஆசிரியர்

1593ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில் உள்ள கிராட்ஸ் நகரில் கணித ஆசிரியர் ஒருவர் இறந்தார். அந்த இடத்திற்கு 1594ஆம் ஆண்டில் கெப்ளர் அனுப்பப்பட்டார். ஆண்டுச் சம்பளம் 150 குல்டன். முதலாண்டில் அவர் வகுப்பிற்கு வந்த மாணவர் மிகச் சிலர். அடுத்த ஆண்டில் ஒருவர்கூட இல்லை! கணித வகுப்புகளின் நிலை அன்றும் அப்படித்தான் இருந்தது போலும் என்று நம் கணிதத் துறை நண்பர்கள் ஆறுதல் அடையலாம்.

அப்பணியோடு மற்றொரு கடமையும் சேர்ந்து வந்தது. ஆண்டுதோறும் பஞ்சாங்கம் போன்ற நாட்காட்டி ஒன்றைக் கணித்து, வரும் ஆண்டில் மழை, குளிர், நோய், போர் ஆகியவை எப்படி இருக்கும் என்று எழுத வேண்டும். 1595ஆம் ஆண்டிற்கான முதல் நாட்காட்டியில் கடுங்குளிர் வரும், துருக்கியர் படையெடுப்பர், குடியானவர் கலகம் செய்வர் என்று எழுதினார். மூன்றும் நடந்துவிட்டன. இளம் ஆசிரியரின் புகழ் பரவியது. ஆனால் அவரோ அதில் மயங்கவில்லை. துருக்கியருடன் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. எல்லையில் வாழ்வோர் எவரும் எதிர்பார்க்கக்கூடியதே அது. சோதிடத்தால் வரும் வருமானமே வானியலைக் காப்பாற்றுகிறது என்பதை அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். குறைந்த சம்பளமும் அதனினும் குறைந்த மாணவரும் பெற்ற ஆசிரியரின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமல்லவா?

ஜாதகம் கணிக்கப் பிறந்த நேரம் ஏன் அவ்வளவு துல்லியமாக வேண்டும் என்பதையும் இங்கே கூறிவிடுகிறேன். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை. குழந்தை பிறக்கும் வேளையில் கீழ்வானத்தில் எழும் இராசிதான் லக்கினம். ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை லக்கினம் மாறிவிடும். எனவே நேரத்தில் பிழை இருந்தால் கட்டம் முழுவதும் பிழையாகும். நம் ஊர்களில் பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த நாளும், வீட்டில் இருக்கும் ஜாதகத்தில் வேறொரு பிறந்த நாளும் உடையவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இதன் சிக்கல் விளங்கும்.

மகனின் ஜாதகம்

1597ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கெப்ளர், பார்பரா என்னும் இளம் விதவையை மணந்தார். அன்றைய கோள்நிலை தீயது என்று தம் குறிப்பேட்டில் எழுதினார். எழுதிவிட்டுத் திருமணமும் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தலைமகன் பிறந்தான். தந்தை மகிழ்ச்சியுடன் ஜாதகம் கணித்தார். கோள்கள் யாவும் நன்மையே காட்டின. நற்பண்பும், சுறுசுறுப்பான உடலும், கணிதத்திலும் பொறி நுட்பத்திலும் தேர்ச்சியும் உடையவனாக வளர்வான் என்று கண்டார். அறுபது நாட்களில் குழந்தை மூளைக் காய்ச்சலால் இறந்தது. அடுத்த ஆண்டில் பிறந்த மகளும் முப்பத்தைந்து நாட்களே வாழ்ந்தாள்.

ஊராருக்குச் சொன்னது பலித்தது. தம் வீட்டிற்குக் கணித்தது பொய்த்தது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சம் கனத்தது. மற்றொருவராக இருந்தால் பிறந்த நேரத்தைச் சற்றே மாற்றி, நடந்ததற்கேற்பக் கட்டத்தைத் திருத்தி அமைத்திருக்கலாம். அல்லது வெறுப்புற்றுக் குறிப்பேட்டை எரித்திருக்கலாம். கெப்ளர் இரண்டையும் செய்யவில்லை. நடந்ததை நடந்தவாறு குறித்து வைத்தார். கோள்களின் கோணங்களுக்கும் வானிலைக்கும் தொடர்பு உண்டா என்று அறிய விரும்பியபோதும், பிற்காலத்தில் பல ஆண்டுகள் நாள்தோறும் மழையையும் காற்றையும் எழுதி வந்தார். குறிப்பில் உண்மை இருக்க வேண்டும் என்னும் இந்தப் பண்பே அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது.

எட்டுக் கலை

சமயப் பூசலால் 1600ஆம் ஆண்டில் கெப்ளர் கிராட்ஸ் நகரை விட்டு வெளியேற்றப்பட்டார். பிராக் நகருக்கு அருகில் இருந்த டைக்கோ பிராஹியிடம் சென்று சேர்ந்தார். தொலைநோக்கி தோன்றாத அக்காலத்தில், வெறும் கண்ணால் கோள்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் அளந்து எழுதி வைத்திருந்தவர் டைக்கோ. 1601ஆம் ஆண்டு அக்டோபரில் டைக்கோ மறைந்தார். பேரரசர் இரண்டாம் ரூடால்ஃபின் கணித அறிஞர் என்னும் பதவி கெப்ளருக்குக் கிடைத்தது.

டைக்கோவின் குறிப்புகளைக்கொண்டு செவ்வாயின் பாதையைக் காணக் கெப்ளர் பல ஆண்டுகள் போராடினார். வட்டப் பாதை ஒன்றைக் கணக்கிட்டார். அது டைக்கோவின் அளவுகளோடு ஏறக்குறையப் பொருந்தியது. வேறுபாடு எட்டே கலை. ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு கலையாகும். எட்டுக் கலை என்பது முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழக் கால்பங்கு. வேறு எவராயினும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஆனால் டைக்கோவின் குறிப்பில் அவ்வளவு பிழை இருக்க இடமில்லை என்று கெப்ளர் நம்பினார். குறிப்பைத் திருத்தாமல் தம் கொள்கையையே கைவிட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர்கள் போற்றிய வட்டம் வீழ்ந்தது, நீள்வட்டம் எழுந்தது. 1609ஆம் ஆண்டில் வெளியான புதிய வானியல் என்னும் நூலில் முதலிரண்டு விதிகளும் இடம்பெற்றன.

அரசவையும் அடையாளம் மறைத்தவரும்

பேரரசர் ரூடால்ஃப் சோதிடத்தில் பெரும் ஈடுபாடு உடையவர். அவர் தம்பி மத்தியாஸ் அரசைக் கைப்பற்ற முயன்ற 1611ஆம் ஆண்டில், எதிர்த்தரப்பினர் கெப்ளரிடமே வந்து கோள்நிலை கேட்டனர். பேரரசருக்கு நன்மை, மத்தியாசுக்குத் தொல்லை என்று அவர்களிடம் கூறினார் கெப்ளர். ஆனால் அதே சொல்லைப் பேரரசரிடம் சென்று கூறவில்லை. கூறியிருந்தால் பரிசு கிடைத்திருக்கும். ஆயினும் அதை நம்பிப் பேரரசர் வாளாவிருந்துவிடுவார் என்று அஞ்சினார். நாட்டின் தலையெழுத்தை முடிவு செய்யும் நேரத்தில் சோதிடம் அரசரின் அறையில் மட்டுமன்று, அவர் நெஞ்சிலும் நுழையக் கூடாது என்பது அவர் கருத்து. அரசரின் சம்பளம் பெறும் ஒருவர், அரசர் கேட்க விரும்பும் இனிய சொல்லைச் சொல்லாமல் இருப்பது எளிய செயல் அன்று. அதிலும் அந்தச் சம்பளமே பெரும்பாலும் நிலுவையில் இருந்தது!

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1608இல், பெயர் தெரிவிக்காத இளைஞர் ஒருவரின் பிறந்த நேரம் இடையாள் மூலம் கெப்ளரிடம் வந்தது. அந்த இளைஞர், பின்னாளில் முப்பதாண்டுப் போரில் பேரரசின் படைத்தலைவராக விளங்கிய வாலன்ஸ்டைன். பழைய கணக்கில் 1583 செப்டம்பர் 14ஆம் நாள் பிறந்தவர். பேராசையும் அமைதியின்மையும் உடையவர், இரக்கம் குறைந்தவர், பெரும் பதவி அடையக்கூடியவர் என்று கெப்ளர் எழுதினார். முப்பத்து மூன்றாம் வயதில் செல்வம் மிக்க விதவை ஒருத்தியை மணப்பார் என்றும் குறித்தார். வாலன்ஸ்டைன் அத்தகைய ஒரு விதவையையே மணந்தார். ஆனால் அது 1609இல், இருபத்தைந்தாம் வயதில்!

1624ஆம் ஆண்டு இறுதியில், புகழின் உச்சியை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வாலன்ஸ்டைன், பழைய ஜாதகத்தின் ஓரத்தில் எது எப்போது நடந்தது என்று தம் கையால் எழுதித் திருப்பி அனுப்பினார். நேரத்தைத் திருத்திப் புதிதாகக் கணிக்குமாறு வேண்டினார். எந்த நோயால் இறப்பேன், அயல்நாட்டில் இறப்பேனா என்றெல்லாம் கேட்டார். கெப்ளர் கணக்கிட்டுக் கொடுத்தார். ஆனால் இத்தகைய நுணுக்கங்களை விண்மீன்களிடம் கேட்பது வீண் என்று கண்டிக்கவும் தவறவில்லை. ஆண்டுதோறும் பலன் எழுதிக்கொண்டே வந்தவர், 1634ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருங்குழப்பம் என்று கூறி நிறுத்திக்கொண்டார். 1634 பிப்ரவரி 25ஆம் நாள் வாலன்ஸ்டைன் கொலை செய்யப்பட்டார்.

சோதிட ஆர்வலர்கள் இன்றும் வியந்து பேசும் செய்தி இது. நானும் மறைக்காமல் கூறிவிட்டேன். ஆனால் நியாயமாகப் பார்க்க விரும்புவோர் 1634ஐ மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது; எட்டு ஆண்டுகள் தவறிய திருமணத்தையும், அறுபதே நாள் வாழ்ந்த குழந்தையையும் அதே தட்டில் வைத்து நிறுக்க வேண்டும். பலித்தவற்றை மட்டும் நினைவில் வைப்பது மனித இயல்பு. தவறியவற்றையும் ஏட்டில் ஏற்றுவது அறிவியலின் இயல்பு.

தனி மனிதர்களுக்கு மட்டுமன்றி, இயேசு பெருமானின் பிறப்பிற்கும் கெப்ளர் காலம் கணித்தார். ஏரோது மன்னனின் மரணத்தை ஒட்டி நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர் யோசேஃபஸ் கூறும் சந்திர கிரகணத்தை ஆராய்ந்து, கிறித்து ஆண்டுக் கணக்கே சில ஆண்டுகள் பிழையுடையது என்று காட்டினார். கி.மு. 5ஆம் ஆண்டே பொருந்தும் என்பது அவர் முடிவு. இதுபற்றிய அவர் நூல் 1614இல் வெளிவந்தது.

கருத்துகள் பிறந்த நாள்

மனிதர் பிறந்த நாளைக் குறித்தது போலவே, தம் உள்ளத்தில் கருத்துகள் பிறந்த நாளையும் கெப்ளர் குறித்து வைத்தார். இது என்னை மிகவும் கவர்ந்த செய்தி. கிராட்ஸ் நகரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கோள்களின் அமைப்பைப் பற்றி ஒரு கருத்து மின்னலெனத் தோன்றிய நாள், 1595 ஜூலை 19. கோள்களின் சுற்றுக் காலத்தையும் தொலைவையும் இணைக்கும் மூன்றாம் விதி முதலில் தோன்றியது 1618 மார்ச்சு 8ஆம் நாள். கணக்கில் பிழை நேர்ந்ததால் அன்று அதைத் தள்ளிவிட்டார். மே மாதம் 15ஆம் நாள் அது மீண்டும் வந்து உறுதியாயிற்று. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் அவர் மகள் ஒருத்தி இறந்திருந்தாள். அந்தத் துயரில் மூழ்கிவிடாமல் இருக்கவே அவர் இந்த ஆராய்ச்சியை மேற்கொண்டார். விதி உறுதியான எட்டாம் நாள், மே 23இல், பிராக் நகரில் முப்பதாண்டுப் போருக்கு வித்திட்ட கலகம் வெடித்தது. ஒரே மாதத்தில், ஒரே வானத்தின் கீழ், ஓரிடத்தில் உலகின் இசைவைக் கூறும் விதியும் மற்றோரிடத்தில் ஐரோப்பாவைச் சுடுகாடாக்கிய போரும் பிறந்தன!

இந்த மூன்றாம் விதியைக் கூறும் உலகின் இசைவு என்னும் நூல் 1619இல் வெளியாயிற்று. அதில்தான் நான் தேடிய விடை இருக்கிறது. பன்னிரண்டு இராசிகளுக்கும் வீடுகளுக்கும் கூறப்படும் பலன்களை மனிதர் கற்பித்தவை என்று ஒதுக்கிய கெப்ளர், கோள்கள் தமக்குள் அமைக்கும் கோணங்கள் மனத்தின் இயல்பைத் தூண்டும் என்ற அளவில் மட்டும் கடைசிவரை நம்பினார். ஆனால் தம் ஜாதகத்தையே எடுத்துக்கொண்டு ஆராயும்போது, தம்மை ஆக்கிய கோள்கள் வானத்தில் இருந்த புதனும் செவ்வாயும் அல்ல என்றும், கோப்பர்னிக்கசும் டைக்கோவுமே என்றும் கருத்துரைத்தார். முன்னோர் தேடி வைத்த அறிவு கைக்கு வராதிருந்தால் தம் ஜாதகம் எதையும் சாதித்திராது என்பது அதன் பொருள்.

அத்துடன் மற்றொன்றும் கூறினார். ஏறக்குறையத் தம்முடைய கோள்நிலையிலேயே பிறந்த பெண்மணி ஒருவர் உண்டு. அவருக்கும் இதே ஓயாத மனம். ஆனால் அது நூலறிவாக மலரவில்லை. ஊரோடு பூசலாகவும் துன்பமாகவும் முடிந்தது என்றார். அப்பெண்மணி யாரென்று பெயர் குறிக்கவில்லை. அவருடைய தாய் கத்தரீனாவே என்று ஆராய்ச்சியாளர் கருதுவர்.

அன்னையின் வழக்கு

அந்தத் துன்பம் சிறியதன்று. 1615ஆம் ஆண்டில், கசப்பான பானம் கொடுத்துத் தன்னை நோயாளியாக்கியதாக ஒரு பெண் கத்தரீனாமீது பழி சுமத்தினாள். சூனியக்காரி என்னும் பெயர் ஊரெங்கும் பரவியது. அக்காலத்தில் அப்பழிக்குத் தண்டனை மரணம். 1620 ஆகஸ்டில், எழுபது வயதைக் கடந்த அம்மூதாட்டி கைது செய்யப்பட்டுச் சங்கிலியால் பிணைக்கப்பட்டார். கெப்ளர் தம் ஆராய்ச்சிகளை நிறுத்திவிட்டு, லின்ஸ் நகரிலிருந்து ஓடி வந்தார். சான்றுகளை ஒன்றொன்றாக எடுத்து, எது கண்டது, எது கேட்டது, எது கட்டியது என்று பிரித்துக் காட்டி, தம் தாய்க்காக விரிவான எதிர்வாதத்தை அமைத்தார். செவ்வாயின் எட்டுக் கலையை விடாத கண், இங்கே சாட்சிகளின் பிழைகளையும் விடவில்லை. வதைக் கருவிகளைக் காட்டி மிரட்டியபோதும் அந்தத் தாய் பொய்யாக எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பதினான்கு மாதச் சிறைக்குப் பின் 1621ஆம் ஆண்டு அக்டோபரில் விடுதலை பெற்றார். ஆறு மாதத்தில் மறைந்தார்.

ஏறக்குறைய ஒரே ஜாதகம். ஒருவர் வானத்தின் விதிகளைக் கண்டார்; மற்றவர் சிறைக் கொட்டடியில் சங்கிலியைக் கண்டார். வால்மீனைக் காண மகனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற அந்தத் தாய்க்கு அறிவு வேட்கை இல்லை என்று யார் சொல்ல முடியும்? மூலிகைகளை ஆராய்ந்த அந்த மனத்திற்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறந்திருந்தால் என்னவாகியிருக்கும்? கெப்ளர் காலத்தில் எந்த உதவித்தொகையும் பெண்களுக்கு இல்லை. மகனுக்கும் தாய்க்கும் இடையில் நின்றது கோள் அன்று, பள்ளிக்கூடம். பெண்ணுக்கு நூலறிவு வாய்க்காதது இயல்பே என்று கெப்ளரும் தம் காலத்து மனிதராகவே எண்ணினார். அவ்விடத்தில் அவரைக் கடந்து சிந்திப்பது நம் கடமை.

இறுதி நாட்கள்

தாயின் மறைவுக்குப் பின் டைக்கோவின் குறிப்புகளைக்கொண்டு ரூடால்ஃப் அட்டவணைகளை முடித்தார். போரும் முற்றுகையும் லின்ஸ் நகரை விட்டு அவரைத் துரத்தின. 1627இல் உல்ம் நகரில் அந்நூல் அச்சேறியது. எந்த நாளிலும் கோள்கள் எங்கே இருக்கும் என்று கணக்கிட உதவும் நூல் அது. வானியலாருக்கும் பயன்பட்டது, ஜாதகம் கணிப்போருக்கும் பயன்பட்டது. 1631 நவம்பர் 7ஆம் நாள் புதன், சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் என்று அறிவித்திருந்தார். அன்று பாரிசு நகரில் காசெண்டி என்னும் அறிஞர் அக்காட்சியைக் கண்டார். அதைக் கேட்டு மகிழக் கெப்ளர் உயிருடன் இல்லை. வரவேண்டிய சம்பள நிலுவை ஏறத்தாழ 12,000 குல்டன். அதைக் கேட்டுப் பெறும் நோக்குடன் புறப்பட்டவர், வழியில் ரேகன்ஸ்பர்க் நகரில் காய்ச்சலுற்று 1630 நவம்பர் 15ஆம் நாள் காலமானார். அவரை அடக்கம் செய்த இடமும் போரில் அழிந்தது. நிமிடக் கணக்கில் பிறப்பைக் குறித்தவருக்குக் கல்லறை அடையாளமும் இல்லாமல் போயிற்று!

நாம் கற்க வேண்டியது

பிறந்த நேரங்களைத் திரட்டுவோரை நான் இகழவில்லை. நாளையும் நேரத்தையும் உண்மையாகக் குறித்து வைப்பது வரலாற்றிற்கு நல்ல தொண்டு. தவறியதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும், வேண்டியதற்கேற்ப நேரத்தைத் திருத்தக் கூடாது என்னும் இரண்டு பாடங்களை மட்டும் அவர்கள் கெப்ளரிடம் கற்றுக்கொள்ளலாம்.

நம்மைப் போன்ற மாணவர்களுக்கு வேறொரு பாடமும் இருக்கிறது. இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். உதவித்தொகையும் அரசு விடுதியும் இல்லையேல் வயலிலோ கடையிலோ இருந்திருப்போம். என் அன்னைக்குத் தாம் பிறந்த நாள் தெரியாது; புயல் அடித்த ஆண்டு, ஐப்பசி மாதம் என்பதோடு சரி. மணி பார்த்துக் குறிக்க அந்த வீட்டில் கடிகாரமும் இல்லை, எழுதத் தெரிந்தவரும் இல்லை. ஆனால் சந்தையில் காய்கறிக் கணக்கை விரலாலேயே முடித்துவிடும் அந்த அறிவைக் கண்டு நான் வியக்காத நாளில்லை. அந்த அறிவுக்கு ஒரு பள்ளி கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. எங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே.

பிறக்கும் வேளையை நாம் தேர்ந்தெடுக்க இயலாது. ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், ஒரு பள்ளியையும் நல்லாசிரியரையும் அளிக்க ஒரு சமுதாயத்தால் இயலும். கெப்ளருக்கு ஒரு மெஸ்ட்லின் வாய்த்தார், கத்தரீனாவுக்கு வாய்க்கவில்லை. இனிப் பிறக்கும் கத்தரீனாக்களுக்கு வாய்க்கச் செய்வது, உதவித்தொகையால் உயர்ந்த நம் ஒவ்வொருவரின் பொறுப்பாகும்.